வேர்வை ஆறக்கூடாது

காரை விட்டு இறங்கியதும் சிவனேஸ்வரி முதலில் செய்கிற வேலை, கழுத்திலிருக்கும் தாலிக்கொடியை இரண்டாக மடித்து ஜக்கெற்றின் உட்பக்கத்தில் ஒரு பெரிய ஊக்கால் குத்திக்கொள்வது. கனத்த கொடி. குத்தாமல் ஓடினால் நெஞ்சில் அடிக்கும். அடிப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வார், அறுந்து ஆற்றோரச் சேற்றில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் பெரிய பயம். "வீட்டில கழட்டி வச்சிட்டு வாங்கோவன் அம்மா," என்று மகள் சாருஜா எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டாள். "மனுசன் உயிரோட இருக்கேக்க கழட்டுறதோ? உனக்கென்ன விசரே?" என்று ஒரே வெட்டு. அடுத்தது, காரின் கண்ணாடியில் முகம் பார்த்து, சிமிழிலிருந்து மூன்று விரலால் அள்ளி நெற்றி நிறையத் திருநீறு. "முருகா" என்றுவிட்டு ஓடத் தொடங்கிவிடுவார்.

ஓட்டம் என்று சொன்னாலும் அது பெரிய ஓட்டமொன்றுமில்லை. நடந்து போகிற சிலரே அவரை முந்திவிடுவதுண்டு. ஐம்பத்தெட்டு வயது, கட்டையான உருவம், முழங்காலில் வாதம். மகள் பள்ளிக்கூடத்தில் போட்டுக் கழித்த ஊதாநிறச் சப்பாத்து அவருக்குக் கொஞ்சம் பெரிது. அதைச் சரிக்கட்ட உள்ளே இரண்டு சோடி சொக்ஸ். மூச்சு வாங்கும் சத்தம் ஆளுக்கு முன்னே போகும். ஆனால் எடுத்த ஓட்டத்தை நிறுத்தமாட்டார். நாயோடு எதிரே வருகிற வெள்ளைக்காரர்கள் பார்த்துப் பழகிய முகமாயிற்றே என்று நின்று இரண்டு வார்த்தை பேசப் பார்ப்பார்கள். இவர் கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். "நிண்டு கதைச்சால் வேர்வை ஆறிப்போம். வேர்வை ஆறக்கூடாது," என்பது அவருடைய சட்டம். திரும்பி வரும்போது நெற்றியில் திருநீறு இருக்காது. வேர்வையில் கரைந்து, புருவத்தால் வழிந்து, கண்ணுக்குள் போய் எரியும். அந்த எரிச்சலில் அவருக்கு ஒரு திருப்தி. "இண்டைக்கு நல்லா உருகியிருக்கு," என்பார் கண்ணைக் கசக்கிக்கொண்டே. கொழுப்பைத்தான் சொல்கிறார்.

ஓடுகிற இடம் சாதாரண இடமில்லை. லண்டனை விட்டு வெளியே வந்து, தேம்ஸ் ஆற்றங்கரையில், ரன்னிமீட் என்கிற புல்வெளி. எண்ணூறு வருடத்துக்கு முன் ஓர் அரசன், பிரபுக்களின் நெருக்குதல் தாங்காமல், தானும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன்தான் என்று முத்திரை குத்திக் கொடுத்த இடம் இது. வீதிக்கு அப்பால், குன்றின் அடியில், அதன் நினைவாக ஒரு தூண் மண்டபம் நிற்கிறது. எதிர்க்கரை மரங்களுக்குப் பின்னால் கன்னியாஸ்திரிகள் இருந்த மடமொன்றின் இடிந்த சுவர். அதன் அருகே, அந்த அரசன் பிறக்கும்போதே கிழடாகிவிட்ட ஒரு யூ மரம். ஆற்றோடு மேலே போனால் பழைய தேவாலயம், அதற்கும் மேலே படகுகளை ஏற்றி இறக்குகிற மதகு. இன்னும் ஓடினால் வின்சர் கோட்டை வரும். சிவனேஸ்வரி அதுவரை போனதில்லை. மதகின் இரும்புக் கம்பியைக் கையால் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்.

யாழ்ப்பாணத்தில் ஆறு எங்கே இருக்கிறது? மாரி மழைக்கு மட்டும் தண்ணீர் காணும் வழுக்கையாறு ஒன்று, அவ்வளவுதான். கிணற்றைப் பார்த்து வளர்ந்தவர், வருடம் முழுவதும் வற்றாமல் போகிற இந்தத் தண்ணீரை முதலில் நம்பவே இல்லை. கரையிலிருந்து ஓர் அடி தள்ளித்தான் ஓடுவார். பாதையோரப் பலகைகளில் எழுதியிருப்பதை எல்லாம் சாருஜாதான் வாசித்துச் சொல்வாள். அரசன் கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது ஒன்றே ஒன்று. "உள்ளதை ஒப்புக்கொள்ள ராசாவுக்கும் கஷ்டமாத்தான் இருந்திருக்கும், பாவம்." மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சப்பாத்து நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்.

வீடு தெற்கு லண்டனில், சட்டன் என்கிற இடத்தில். வேலை விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு செய்கிற பெரிய சமையல் கூடத்தில். தட்டில் ரொட்டி ஓர் இடம், வெண்ணெய் ஓர் இடம், இனிப்பு ஓர் இடம் என்று அடுக்கி அடுக்கி வருடங்கள் போய்விட்டன. ஓடும்போது தலைக்கு மேலே விமானம் தாழப் பறந்தால் அண்ணாந்து பார்த்து, "போகுது எங்கட சாப்பாடு," என்பார். கூட வேலை செய்கிற மெற்றில்டாதான் இந்த இடத்தைச் சொன்னவர். "அங்க எங்கட சனம் ஒண்டும் வராது அக்கா, நாயும் வெள்ளைக்காரரும்தான்." அந்த ஒரு வார்த்தைக்காகவே சிவனேஸ்வரி இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குப் பக்கத்தில் பார்க் இல்லையா என்ன? இருக்கிறது. அங்கே ஓடினால் மத்தியானத்துக்குள் கிங்ஸ்பரிக்குக் கதை போய்விடும்.

கிங்ஸ்பரியில் இருப்பது வேறு யாருமில்லை, அவருடைய சொந்தத் தம்பி மாதவன்.

விஷயம் இதுதான். சாருஜாவுக்கு இருபத்தேழு வயது, ஒரே பிள்ளை. இரண்டு வருடத்துக்கு முன் இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயிற்று. கிழமையில் மூன்று நாள் ஹொஸ்பிற்றலில் இயந்திரத்தோடு படுத்துக்கிடந்து இரத்தம் கழுவ வேண்டும். அதற்காக இடது முன்கையில் இரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருக்கிறார்கள். அந்த இடம் கயிறு போலப் புடைத்திருக்கும். விரல் வைத்தால் உள்ளே இரத்தம் இரைந்துகொண்டு ஓடுவது தெரியும். தகப்பன் இராஜேந்திரனுக்குச் சலரோகம், சுகர் வருத்தம், அவரால் கொடுக்க ஏலாது. "நான் தாறன்," என்று தாய் கையை உயர்த்தினார். உடம்பு கூடிப்போச்சு, இறக்கிக்கொண்டு வாருங்கள், அதன் பிறகுதான் மிச்சப் பரிசோதனை என்றார்கள் டாக்டர்கள். சோற்றைக் குறைத்தார், தேங்காய்ப்பாலை விட்டார், ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தப் பாதையில் இறங்கினார். சிவனேஸ்வரி ஓடத் தொடங்கியது இப்படித்தான்.

"வேற சொந்தக்காரர் இருக்கினமோ, கிட்னி குடுக்கச் சோதிச்சுப் பாக்க?" என்று ஹொஸ்பிற்றலில் கேட்டபோது, "ஒருத்தருமில்லை," என்றார் சிவனேஸ்வரி. பக்கத்தில் இருந்த சாருஜா விறைத்துப் போனாள். தாய்மாமன் குத்துக்கல்லாட்டம் கிங்ஸ்பரியில் இருக்கிறார். அவளுடைய சாமத்தியச் சடங்குக்குத் தேங்காய் உடைத்து, தலைக்குத் தண்ணீர் வார்த்து, கையைப் பிடித்து மண்டபத்துக்குள் கூட்டிக்கொண்டு வந்த மாமா. அவருக்கு வளர்ந்த பெடியள் வேறு. காருக்குள் ஏறியதும் கேட்டாள். "ஏன் அம்மா பொய் சொன்னனீங்கள்?"

"உன்ர மாமிக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்ச மாதிரி. கிட்னி வருத்தக்காரி எண்டு பேர் விழுந்தால் பிறகு ஆர் பெண் கேட்டு வருவினம்? நான்தான் தாறன் எண்டுறனே. வீட்டுக்குள்ளயே வந்து வீட்டுக்குள்ளயே முடியட்டும். ஒரு குஞ்சு குருவிக்கும் தெரியத் தேவையில்லை."

மாமி என்பது மாதவனின் மனைவி சுவர்ணா. கெட்டவரில்லை. வாய்தான் ஓயாது. சாருஜாவுக்கு மாப்பிள்ளை தேடுவதைத் தன் பொறுப்பாகத் தலையில் போட்டுக்கொண்டு, மாதத்துக்கொரு படம் போனில் அனுப்பிக்கொண்டிருந்தார். சாருஜா பேசாமல் விட்டாள். அம்மா உருகி உருகி ஓடுவதைப் பார்த்துக்கொண்டு வேறு எதைச் சொல்ல?

புல்வெளி நடுவே பன்னிரண்டு வெண்கல நாற்காலிகள் வைத்திருக்கிறார்கள், வழக்குக் கேட்கும் ஜூரிமார் வந்து இருக்கப் போவது போல. யாரும் இருக்கலாம். சாருஜா கம்பளியைச் சுற்றிக்கொண்டு அதில் ஒன்றில் இருந்து அம்மா வரும் வழியைப் பார்த்திருப்பாள். திரும்பி வந்ததும் சிவனேஸ்வரி முதலில் பார்ப்பது அவளுடைய இடது கையைத்தான். சுவெற்றர் கை கொஞ்சம் மேலே ஏறியிருந்தாலும் இழுத்து மணிக்கட்டுக்குக் கீழே விடுவார். "ஒருத்தரும் இல்லையே அம்மா இங்க." "இருக்கட்டும். குளிர்." கோடையிலும் அதே பதில்தான்.

கார்த்திகை மாதத்துப் பனிப்புகாரில் ஒரு ஞாயிறு, எங்கட சனம் வராத அந்த இடத்துக்கு எங்கட சனம் வந்தது. ஓவர்கோட்டுக்குக் கீழே வேட்டி தெரிய நாலைந்து ஆண்கள், கம்பளித் தொப்பி போட்ட ஐயர் ஒருவர், சிவப்புத் துணி சுற்றிய மண்முட்டி. அந்தியேட்டி, செத்தவரின் சாம்பலைக் கரைக்கிற சடங்கு. ஊரில் என்றால் கீரிமலைக் கடலுக்குப் போகவேண்டிய சாம்பல் தேம்சுக்கு வந்திருந்தது. சிவனேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டு கடக்கப் பார்த்தார். நடக்குமா?

"சிவனேஸ் அக்காவோ? நீங்கள் என்ன இஞ்ச ஓடுறியள்?" மனோர் பார்க் கோயிலில் காண்கிற ஒரு பெண்.

செத்த வீட்டுக்காரர் முன்னால் ஓடிப்போவது மரியாதையில்லை. நின்றால் வேர்வை ஆறிவிடும். நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றிக் குதித்துக்கொண்டு, "சும்மா, சுகருக்கு," என்றார் சிவனேஸ்வரி.

"பிள்ளை எப்பிடி? கலியாணம் ஒண்டும் சரிவரேல்லையோ?"

"பாத்துக்கொண்டிருக்கிறம்."

அதற்குள் ஐயர் கூப்பிட, அந்தப் பெண் திரும்பினார். முட்டி சரிந்தது. சாம்பல் தண்ணீரில் விழுந்து, கொஞ்ச நேரம் ஒரு சாம்பல் நிறப் படலமாக மிதந்து, பிறகு ஆற்றோடு போயிற்று.  சிவனேஸ்வரி அன்று மதகு வரை போகவில்லை. பாதியில் திரும்பி, மகளை இழுத்துக்கொண்டு காருக்கு வந்துவிட்டார். வீடு வரும் வரை ஒரே விஷயம்தான் அவரை அரித்தது. "செத்தது ஆர் எண்டு ஒரு வார்த்தை கேக்கேல்லையே நான். என்ன மனுசி நான்?"

தை மாதத்தில் உடம்பு சொன்ன அளவுக்கு வந்துவிட்டது. டாக்டர் கைகொடுத்துப் பாராட்டினார். சட்டைகள் எல்லாம் தொளதொளத்தன. வேலை இடத்தில் மெற்றில்டா, "அக்கா குமரியாப் போனியள்," என்று கேலி செய்தார். பிறகு படம் எடுத்துப் பார்க்கிற பரிசோதனைகள் தொடங்கின. அது முடிந்து ஒரு வெள்ளிக்கிழமை, சமையல் கூடத்தின் பின்வாசலில் நிற்கும்போது போன் வந்தது. நர்ஸ் மிக மெதுவாக, இரண்டு தரம் சொன்னார். உங்களுடைய ஒரு சிறுநீரகம் பிறந்ததிலிருந்தே சின்னன். அது வேலை செய்வதில்லை. மற்றதுதான் உங்களைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதை எடுக்க முடியாது.

அவர் கேட்டது ஒன்றுதான். "மகளுக்கு நானே சொல்லுறன். நீங்கள் சொல்லாதேங்கோ."

சொன்னாரா? சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் ஊக்கைக் குத்தி, திருநீறு பூசி, "முருகா" என்று புறப்பட்டார். நாற்காலிகளில் இருந்து பார்த்தால் தெரிகிற தூரம் வரை ஓடினார். வளைவு தாண்டி மரங்கள் மறைத்ததும் கால்கள் தாமாக நின்றன. ஆற்றோரம் விழுந்து கிடந்த ஒரு பட்ட மரத்தில் இருந்தார். இத்தனை மாதமும் ஒற்றைக் கிட்னியோடுதான் ஓடியிருக்கிறேன் என்று நினைக்க முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. மழை வெள்ளத்தில் ஆறு கரை முட்ட, மண்ணிறத்தில் போய்க்கொண்டிருந்தது. வழக்கமாகத் திரும்புகிற நேரம் ஆனதும் எழுந்து, நாற்காலிகள் தெரிகிற இடத்துக்கு வந்ததும் மூச்சு வாங்குகிற மாதிரி ஓடி வந்தார்.

"இன்னும் எவ்வளவு குறைக்கவேணுமாம்?" என்று சாருஜா கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம்."

அதற்கடுத்த ஞாயிறும் அதே நாடகம். அதே பட்ட மரம், அதே ஓட்டம். வந்து நின்று, பழக்கத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "நல்லா உருகியிருக்கு இண்டைக்கு," என்றார். சாருஜா முகம் துடைக்கத் துவாயை நீட்டினாள். நீட்டியவள் அப்படியே நின்றாள். தாயின் நெற்றியில் காலையில் பூசிய மூன்று குறியும் பூசிய மாதிரியே வெள்ளை வெளேரென்று இருந்தன.

"திருநீறு அழியேல்லையே அம்மா."

சிவனேஸ்வரியின் கை நெற்றிக்குப் போயிற்று. விரலில் காய்ந்த திருநீறு.  பக்கத்து நாற்காலியில் தொப்பென்று இருந்தார். வெண்கலம் ஐஸ் மாதிரிக் குளிர்ந்தது. எல்லாவற்றையும் சொன்னார். போன் வந்த கதை, சின்னக் கிட்னி, பட்ட மரம் எல்லாம். சொல்லி முடித்துவிட்டு, "அம்மாவால ஏலாமப் போட்டுது குஞ்சு," என்றார். 

சாருஜா அழவில்லை. துவாயை மடித்தாள், விரித்தாள், திரும்ப மடித்தாள். "மாமாவுக்குச் சொல்லுவம் அம்மா. அவர் ஓமெண்டுறாரோ இல்லையெண்டுறாரோ, அது அவரின்ர டிசிஷன். கேக்காமலே ஏன் இல்லையெண்டு சொல்லுறியள்?"

"சுவர்ணா..."

"மாமி கதைப்பாதான். கதைக்கட்டும். நான் செத்தாப் பிறகு ஆருக்கு அம்மா கலியாணம் பேசப் போறியள்?"

அப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை. சிவனேஸ்வரி சுற்றுமுற்றும் பார்த்தார், யாராவது கேட்டுவிட்டார்களோ என்று. தூரத்தில் ஒரு நாய் மட்டும் நின்றது. வீட்டுக்குப் போகும் வழியில் தம்பிக்கு அவரே போன் எடுத்தார். "ஞாயிற்றுக்கிழமை காலமை நீ மட்டும் வா. வீட்டை இல்லை. ஒரு ஆத்தங்கரை சொல்லுறன், அங்க வா."

அந்த ஞாயிறு சீராகத் தூறிக்கொண்டிருந்தது. இனி எதற்கு ஓட்டம் என்று சாருஜா கேட்டதற்கு, "வாய் திறக்கப் பெலன் வேணும்," என்று சொல்லிவிட்டு ஊக்கைக் குத்தினார். அன்று உண்மையாகவே ஓடினார். பட்ட மரத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. தேவாலயத்தைத் தாண்டி, மதகின் கம்பியைத் தொட்டுவிட்டு, முழங்கால் நோகத் திரும்பி வந்தார். வந்தபோது மாதவன் நல்ல சப்பாத்தில் சேறு அப்ப, சாருஜாவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தார். ஆறடி உயரம், நரைக்கத் தொடங்கிய மீசை, கையில் போன்.

"என்னக்கா, உடம்பு இப்பிடி வத்திப்போய் நிக்கிறியள்? சுகரோ? முதல்ல இதைப் பாருங்கோ. நீங்கள் கூப்பிட்டது இதுக்குத்தான் எண்டு சுவர்ணா நிச்சயமாச் சொல்லுறா. பொடியன் சிங்கப்பூரில படிச்சவன், நல்ல குடும்பம், இப்ப இஞ்சதான் வேலை..."

போனில் கோட்டுப் போட்ட ஒரு பொடியன் சிரித்துக்கொண்டிருந்தான். சிவனேஸ்வரி அந்தப் படத்தைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். திருநீறு கரைந்து கண்ணுக்குள் போய் எரிந்தது. "தம்பி," என்றார்.  மேலே ஒரு விமானம் போயிற்று. அவர் அண்ணாந்து பார்க்கவில்லை.

"என்னக்கா?" மாதவனின் குரல் இறங்கியது. "என்ன நடந்தது?"

சிவனேஸ்வரி அவர் கையிலிருந்த போனை வாங்கி, அவருடைய கோட்டுப் பைக்குள் போட்டார். பிறகு மகளின் பக்கம் திரும்பினார். கேட்காமலே சாருஜா இடது கையை நீட்டினாள். இரண்டு வருடமாக இழுத்து இழுத்துக் கீழே விட்ட சுவெற்றர் கையை, சிவனேஸ்வரி இப்போது மடிப்பு மடிப்பாக முழங்கை வரை மேலே சுருட்டினார். தம்பியின் வலது கையை எடுத்து, இரத்தம் இரைந்துகொண்டிருந்த அந்தப் புடைப்பின்மேல் வைத்து, தன் கையால் மெல்லப் பொத்திப் பிடித்தார். வேர்வை ஆறி முதுகு குளிரத் தொடங்கியும் அந்தக் கையை எடுக்கவில்லை.